ஒன்று முதல் நானூற்றைம்பது வரை

போன மாதம் எங்கள் மையத்திலிருந்து சாருமதி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இருக்கைக்கு வந்த மென்பொருள் பொறியாளர் அவர். அதற்கு முன் இரண்டு முறைதான் நாங்கள் பேசியிருக்கிறோம்.

"சார், பழைய புரோகிராம மொத்தமா மாத்தி எழுதுறோம். அதுல ரெபரன்ஸ் ஆப்ஜெக்ட் பக்கத்துல ஒரு கமெண்ட் கெடக்கு. 'ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஆப்ஜெக்ட். சேர்க்காதே. என்னைக் கேட்காமல் கை வைக்காதே'ன்னு. நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமா."

"ஒரே கட்டுரைக்கு நூறு ஆப்ஜெக்ட் எதுக்குன்னு புரியல சார். சேத்துட்டா ரொம்ப வேகமா ஓடும். ஏதாச்சும் காரணம் இருக்குங்களா?"

இருக்கிறது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். தொழில்நுட்பக் காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். இரண்டு முறை அப்படி எழுதியும் பார்த்தேன். படித்தால் யாரோ எங்கோ செய்த ஒரு சின்னப் பிழையைப் பற்றியது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம். நூலக அறிவியல் படித்துவிட்டு, புதுக்கோட்டை நகருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சி மையத்தில் நூலக உதவியாளராகச் சேர்ந்தேன். சித்தன்னவாசல் போகிறவர்கள் தவறி இறங்கிவிட்டு எங்கள் வாட்ச்மேனிடம் வழி கேட்கிற திருப்பம் அது. பத்து வருடம் அட்டைகளும் இதழ்களுமாகப் போனது. பிறகு மையத்தில் உயிர்த் தகவலியல் பிரிவு தொடங்கினார்கள். மேற்கோள் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

எங்கள் பிரிவின் வேலை இதுதான். இறால், மீன், அவற்றைத் தாக்கும் கிருமிகள் ஆகியவற்றின் மரபணு வரிசைகளை ஆய்வாளர்கள் கண்டறிந்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள் ஆயிரக்கணக்கில் மாறி மாறி வரும். ஒவ்வொரு வரிசையையும் ஒரு பதிவாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைப்போம். பதிவின் தலையில், இந்த வரிசை எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்ற மேற்கோள் இருக்கும். வெளியே தெரிவது நான்கு வரி. புரோகிராமுக்குள் அது ஓர் ஆப்ஜெக்ட், அதாவது அறைகள் வைத்த ஒரு பெட்டி. ஓர் அறையில் ஆசிரியர் பெயர்கள், ஓர் அறையில் தலைப்பு, ஒன்றில் இதழின் பெயர், ஒன்றில் கட்டுரையின் அடையாள எண், ஒன்றில் குறிப்புரை. இவையெல்லாம் நூலக அட்டையிலும் ஏறக்குறைய உண்டு. அட்டையில் இல்லாத ஓர் அறையும் இதில் இருந்தது. இந்த வரிசையில் எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்து வரை இந்தக் கட்டுரைக்காரர் கண்டறிந்தது என்று சொல்லும் இரண்டு எண்கள் அதில் இருக்கும். அதற்கு 'இடம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

பிரிவின் தலைவர் கோமதி மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதையாவது மறுக்கப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கண்ணாடி கழன்றுவிட்டால் அதற்கு மேல் பேசிப் பயனில்லை, எழுந்து வந்துவிட வேண்டியதுதான். பாராட்டு என்றால் 'நல்லது' என்ற ஒரு சொல். அதையும் கோப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

அவர் வைத்த முறைக்கு இரட்டை வாசிப்பு என்று பெயர். அது இல்லாமல் ஒரு புதிய பதிவும் உள்ளே போகாது. ஒருவர் ஆய்வாளர் அனுப்பிய படிவத்தைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசிப்பார். இன்னொருவர் அச்செடுத்த பதிவில் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத் தொடர்வார். தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியைப் 'புள்ளி' என்றும், கமாவைக் 'கமா' என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர், தலைப்பு, இதழ், பக்கம், கடைசியாக இடம். முடிந்ததும் இருவரும் படிவத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டு, கோப்பில் குத்தி, வராந்தாவில் இருந்த இரும்பு அலமாரியில் வைப்போம்.

புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை, "மேடம், இது என்ன ஜெபம் மாதிரி?" என்று கேட்டுவிட்டார்.

மேடம் சிரிக்கவில்லை. "ஒரு ஆளு வருசக்கணக்கா உழைச்சது கடைசில இந்த நாலு வரிதான். வாசிங்க" என்றார்.

சகாயமேரியை நான் முதலில் பார்த்தது அப்படியொரு வாசிப்பின்போதுதான். ஆவூர்க்காரர், வெளியே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. மணமேல்குடிப் பக்கம் மூன்று இறால் குளங்களில் மாதிரி எடுத்து, இறாலைக் கொல்லும் ஒரு வைரஸின் மரபணுவை ஆராய்ந்திருந்தார். எல்லாரும் படிவத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடுவார்கள். இவர் நேரில் வந்தார். செருப்பு உப்புப் பூத்து வெளுத்திருந்தது. வாசிக்கும்போது பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டார். மேடம் தலையசைத்து நாற்காலியைக் காட்டினார்.

மூன்று குளம், மூன்று பதிவு. மூன்றுக்கும் ஒரே கட்டுரைதான் மேற்கோள். முதல் இரண்டிலும் ஆயிரத்து நானூறு எழுத்துகளையும் அவரே கண்டறிந்திருந்தார். மூன்றாவதில்தான் சிக்கல். அந்த மாதிரி வழியில் கெட்டுப்போய், தொடக்கத்துப் பகுதி மட்டுமே தெளிவாக வந்திருந்தது. மிச்சப் பகுதிக்கு வேறொரு குழு முன்பே வெளியிட்டிருந்த வரிசையை இணைத்து, அவர்களுடைய கட்டுரையை இரண்டாவது மேற்கோளாகக் காட்டியிருந்தார். இப்படி இணைத்துக் காட்டுவதற்கு எங்கள் விதிகளில் இடமுண்டு.

"மூணாவதுல எனக்கு வந்தது நானூத்தம்பது எழுத்துதான் சார்" என்று என் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீதி அவங்களது. அது தெளிவாத் தெரியணும். நான் எடுக்காதது எனக்கு வேணாம்."

"தெரியும்மா. அதுக்குத்தான் இந்த நம்பர்" என்றேன்.

சில மாதங்கள் போயின. பதிவுகள் பெருகிக்கொண்டே வந்தன. கணினிகளோ பழையவை. காலையில் புரோகிராமைத் திறந்துவிட்டு கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தாலும் எல்லாப் பதிவுகளும் ஏறி முடிந்திருக்காது. பாதியில் நினைவகம் நிரம்பி நின்றுவிடும். புதிய கணினி கேட்டு மேடம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

எங்கே நினைவகம் வீணாகிறது என்று நான் தேடினேன். ஒரே கட்டுரை நாற்பது பதிவுகளில் மேற்கோளாக வந்தால், அதே பெயர்களும் அதே தலைப்பும் நாற்பது பெட்டிகளில் நாற்பது முறை கிடந்தன. நூலகத்தில் வளர்ந்த புத்திக்கு அது பொறுக்கவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போதுமே! புரோகிராமை மாற்றினேன். ஒரு பதிவு ஏறும்போது அதன் மேற்கோளின் அடையாள எண்ணைப் பார். அந்த எண்ணுக்கு ஏற்கனவே பெட்டி இருந்தால் புதிதாகச் செய்யாதே, அந்தப் பழைய பெட்டியையே இந்தப் பதிவுக்கும் கொடு. அவ்வளவுதான் மாற்றம், பதினோரு வரி.

சோதித்துத்தான் பார்த்தேன். இருபது பதிவுகளைத் தேர்ந்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அச்செடுத்து ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அன்று முதல், டீ குடிக்க எழுந்திருக்குமுன் எல்லாம் ஏறி முடிந்துவிடும். மேடத்திடம் காட்டினேன். கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தே 'நல்லது' என்றார். அந்தச் சொல்லை நான் பல நாள் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சகாயமேரியின் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் எடுக்காத தரவை எடுத்ததாகக் காட்டியிருக்கிறார் என்று புகார். மூன்றாவது குளத்தின் வரிசை முழுவதையும் தானே கண்டறிந்ததாகப் பதிவில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் பெரும்பகுதி, அவர் பெயருக்கு இரண்டாவது மேற்கோளாக மட்டும் காட்டியிருக்கும் அந்த இன்னொரு குழுவின் வரிசையோடு ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போகிறது. அந்தக் குழுவின் மூத்த விஞ்ஞானியே எழுதியிருக்கிறார். விசாரணைக்காக அந்தப் பதிவின் சான்றளித்த நகல் வேண்டும்.

பதிவைத் திறந்தேன். அவருடைய கட்டுரைக்கு நேரே 'இடம்: 1 முதல் 1400 வரை' என்று இருந்தது. அச்செடுத்தேன். 'தரவுத்தளத்தில் உள்ளபடி சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன். எனக்கு எதுவும் நெருடவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளில் அதுவும் ஒன்று.

அடுத்த வாரம் அவர் போன் செய்தார்.

"சார், நான் சகாயமேரி. மணமேல்குடி இறால் பதிவு மூணு குடுத்தேன். ஞாபகம் இருக்குங்களா?"

"சொல்லுங்கம்மா."

"நீங்க அனுப்புன காப்பியில என் பேப்பருக்கு நேரா ஒண்ணு முதல் ஆயிரத்து நானூறுன்னு இருக்கு சார். நான் அப்படிக் குடுக்கல. நானூத்தம்பதுன்னுதான் குடுத்தேன்."

திரையைப் பார்த்தேன். "இங்கயும் ஆயிரத்து நானூறுன்னுதாம்மா இருக்கு."

"ஃபார்ம எடுத்துப் பாருங்க சார். ஒங்க அலமாரியில இருக்கும்ல?"

"ஃபார்ம்ல இருக்கிறதுதான் உள்ள ஏறும். ரெண்டு பேரு வாசிச்சுச் சரிபாக்கிறோம். தானா எப்படி மாறும்?"

"என் காப்பி லேப் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கெழம விசாரணை சார். ஒரே ஒரு தடவ எடுத்துப் பாத்துருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"இப்ப வேல இருக்கும்மா. பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு லேசாக இருக்கும். மறக்கவில்லை. அந்தப் புரோகிராம் நான் எழுதியது, அது தப்பாது என்று இருந்தேன். அதைவிட, மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றும் நினைத்தேன். வியாழக்கிழமை அவர் மறுபடி அழைத்தார். போனை எடுத்த அட்டெண்டரிடம், நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். கூட்டம் எதுவும் இல்லை. அலமாரி என் அறை வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

அதன்பின் எட்டு மாதம் கழித்து, வேறு மாநிலத்து ஆய்வாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தன் பதிவு ஒன்றில் இடத்தின் எண்கள் மாறியிருக்கின்றன, நேரம் கிடைக்கும்போது பாருங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அவருடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. உள்ளே சரியாகப் போன எண் வெளியே வேறாக வருகிறது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு முற்பகலே போதுமாக இருந்தது. கட்டுரையின் ஆசிரியர் பெயர்களும் தலைப்பும் இதழும் எல்லாப் பதிவுக்கும் பொது. ஆனால் இடம் பொது இல்லை. அது ஒவ்வொரு பதிவிலும் வேறாக இருக்கலாம். அதையும் அதே பெட்டிக்குள் வைத்துவிட்டு, பெட்டியைப் பொதுவாக்கிவிட்டேன். முதலில் ஏறிய பதிவின் இடம் எதுவோ, அதே இடம் அந்தக் கட்டுரை வருகிற மற்ற எல்லாப் பதிவுகளிலும் ஒட்டிக்கொண்டது. சகாயமேரியின் முதல் குளத்துப் பதிவு முதலில் ஏறியது. அதிலிருந்த ஆயிரத்து நானூறு மூன்றாவதுக்கும் போய்விட்டது. நான் சோதித்த இருபது பதிவுகளும் இருபது வெவ்வேறு கட்டுரைகள். ஒரே கட்டுரை இரண்டு பதிவில் வருகிற ஒன்றைக்கூட நான் எடுத்துப் பார்க்கவில்லை. இரட்டை வாசிப்பு பதிவு உள்ளே போகும்போது மட்டும்தான். வெளியே வருவதை யாரும் வாசிக்கவில்லை.

பாதிக்கப்பட்ட பதிவுகளைப் பட்டியல் எடுத்தேன். அறுபத்து மூன்று. மணமேல்குடி மூன்றாம் குளம் அதில் இருந்தது.

வராந்தாவுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கோப்பைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கையெழுத்தில், நீல மையில், 'ஒன்று முதல் நானூற்றைம்பது வரை' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதியிருந்தார். மூலையில் வாசித்தவர்கள் கையெழுத்து இரண்டு. ஒன்று என்னுடையது. நாற்காலியில் உட்கார்ந்து என் ஸ்கேலையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னதெல்லாம் அப்போதுதான் திரும்பி வந்தது. அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அட்டெண்டர் வந்து, "ஒடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கல்லூரிக்கு ஒரு போன் போட்டு விசாரித்தார். விசாரணை முடிந்து, சகாயமேரியை முனைவர் பட்ட ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"அறுபத்து மூணையும் திருத்துங்க. திருத்தினதா நாள் போட்டு ஒரு வரி சேருங்க. அது போதும்."

"அந்தப் பொண்ணு, மேடம்?"

"விசாரணை முடிஞ்சு போச்சு செல்வராசு."

"நம்ம காப்பிய வச்சுத்தானே முடிச்சாங்க."

"ஒரு காலேஜுக்கு நாம கடிதம் எழுதினா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. இவங்க பதிவு எதையும் நம்பக்கூடாதுன்னு ஆயிரும். எத்தன பேரு உழைச்சுக் கட்டினது இது? ஒருத்தருக்காக அத்தனையும் போகணுமா?"

கண்ணாடி கழன்ற பிறகு நான் அந்த அறையில் நின்று பேசியது அந்த ஒருமுறைதான். கையில் இருந்த படிவத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"மூலையில ரெண்டு கையெழுத்து இருக்கு மேடம். ஸ்கேல் வச்சது நான். வாசிச்சது நீங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"உங்க பேர்ல எழுதுங்க. நான் தடுக்கல. மையத்தோட லெட்டர்ஹெட் வேண்டாம்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முறை தவறாமல் வேலை செய்த மனுஷி. ஆனால் அன்று அவர் கொடுத்தது பாதி. அதை வாங்கிக்கொண்டு வந்த நானும் பாதி ஆள்தான். அவர் ஓய்வு பெறும்வரை நாங்கள் இருவரும் இதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

வெறும் வெள்ளைத் தாளில் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, ஆய்வாளர் முதலிலிருந்தே சரியாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, படிவத்தின் நகலை இணைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் பெறப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டது, மாணவி ஏற்கனவே வெளியேறிவிட்டதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை. இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

புரோகிராமை மாற்றி, பதிவுக்கு ஒரு பெட்டி என்று பழையபடி ஆக்கினேன். காலையில் திறந்துவிட்டு டீ குடித்து வந்தாலும் முடியாத பழைய வேகம் திரும்ப வந்தது. சாருமதி பார்த்த அந்தக் கமெண்டை அன்றுதான் எழுதினேன். மூன்றாவது குளத்துப் பதிவின் பெட்டியில், குறிப்புரை அறையில், முன்பு காட்டப்பட்ட இடம் தரவுத்தளத்தின் பிழை, ஆய்வாளருடையது அல்ல என்று ஒரு வரி சேர்த்தேன். ஆனால் எங்கள் பதிவுகளை நகலெடுத்து வைத்திருந்த மற்ற மையங்களின் புரோகிராம்கள் குறிப்புரையை எடுப்பதில்லை. பெயரையும் தலைப்பையும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். சிலர் திருத்தினார்கள். சிலர் இன்றுவரை திருத்தவில்லை.

படிவத்தில் சகாயமேரியின் வீட்டு முகவரி இருந்தது. இரண்டு முறை கடிதம் எழுதி, பதில் வராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரனூர் போய் அங்கிருந்து பஸ் மாறி ஆவூருக்குப் போனேன். கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஓட்டு வீடு. முன்கூடத்தில் தரையில் உட்கார்ந்து, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க சார். ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. படிவத்தின் நகலையும், திருத்திய பதிவையும் நீட்டினேன். வாங்கி நின்றபடியே படித்தார்.

"நானூத்தம்பது" என்றார்.

"ஆமாம்மா. நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் புரோகிராம்ல."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அஞ்சு மாசம் முந்தி."

"அன்னைக்கு நான் லைன்லயே இருக்கேன்னு சொன்னேன்ல சார். அந்த அலமாரி எங்க இருக்கு?"

"வராந்தாவுல."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"விசாரணையில அஞ்சு பேரு. அதுல ஒருத்தரு எனக்குப் பாடம் எடுத்தவரு. ஒங்க காப்பியத் தூக்கிக் காட்டி, 'கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு. இவங்க பொய் சொல்றாங்களா?'ன்னாரு. ரெண்டாம் நாளு எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். நாமதான் தப்பா எழுதிட்டமோன்னு. எத்தன மாசம் அப்படி நெனச்சேன் தெரியுங்களா?"

"மேல மனு போடலாம்மா. நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றேன்.

"யாருகிட்ட? கைடு எம் போன எடுக்குறதே இல்ல. அடுத்த வாரம் குவைத் போறேன் சார். ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேல." உறைகளை அடுக்கி வைத்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா? அதுலேருந்து என் பேர எடுத்துருங்க. எனக்கு அந்த நானூத்தம்பதும் வேணாம்."

வெளிவந்த கட்டுரையை மேற்கோளிலிருந்து நீக்க விதியில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"தப்பா ஏத்துறதுக்கு எந்த விதியும் வேண்டியதில்ல. எடுக்குறதுக்கு மட்டும் விதி" என்றார்.

அப்போது வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் பெரியவர் ஒருவர் பூசை முடிந்து வந்து ஏறினார். அவர் அப்பா. சகாயமேரி கையிலிருந்த தாள்களைச் சட்டென்று மடித்து உறைகளுக்கு அடியில் வைத்தார்.

"ஆத்தா, யாரு வந்திருக்கா?"

"புதுக்கோட்டையிலேருந்து வந்திருக்காங்கப்பா. ஆராய்ச்சி ஆபீஸ்காரங்க."

"அப்படியா! நிக்கிறீங்களே, ஒக்காருங்க ஒக்காருங்க. காபி குடுத்தியா ஆத்தா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தேங்க. சூசை வாத்தியார்னா தெரியும். ஒங்களக் கேக்கணும்னு நெனச்சேன். பட்டம் எப்பங்க குடுப்பாங்க? எல்லாம் முடிஞ்சு போச்சு, விழாதான் தள்ளித் தள்ளிப் போகுதுங்குது. அதுக்குள்ள வெளிநாட்டுல வேல கெடச்சிருச்சு. விழாவுக்கு வர லீவு குடுப்பாங்களான்னுதான் எனக்குக் கவலையா இருக்கு."

நான் சகாயமேரியைப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஆபீஸ்காரரு. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றார் வாத்தியார்.

"வந்துரும்ங்க" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

காபி வந்தது. குடித்தேன். வாத்தியார், மகள் சிறுவயதில் கண்மாய் மீன்களைப் புட்டியில் பிடித்து வந்து வளர்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். சகாயமேரி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பாதி வழியில் சொன்னார்.

"அப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பு. ஆபரேசன் தாங்காதுன்னுட்டாங்க. அதான் சொல்லல."

"நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"காப்பியில கையெழுத்துப் போட்ட மாதிரியே சொன்னீங்க சார். கொஞ்சங்கூடத் தடுமாறல." பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ எனக்குச் சாதகமாச் சொன்னீங்க. அது வரைக்கும் சரி" என்று திரும்பி நடந்தார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம், ஒரு துக்கத்துக்காக விராலிமலை போய்விட்டுத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. படத்தில் சூசை வாத்தியார். அதே வெள்ளைச் சட்டை. கீழே வருந்தும் குடும்பத்தினர் வரிசையில் முதல் பெயர்: 'மகள் முனைவர் சூ. சகாயமேரி, குவைத்'. அவரே அப்படிப் போடச் சொன்னாரோ, வாத்தியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் போட்டார்களோ, தெரியவில்லை.

முதல்நாள் மழை பெய்திருக்க வேண்டும். சுவரொட்டியின் கீழ் ஓரம், சரியாக அந்தப் பெயர் இருந்த இடத்தில், சுவரை விட்டுக் கழன்று மடிந்து தொங்கியது. புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. ஓரத்தை நிமிர்த்தி, பசை இன்னும் ஈரமாக இருந்த இடம் பார்த்து வைத்து, பிடித்துக்கொள்ளும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன்.